சரக்கின் தகுதியும் சான்றின் இருப்பிடமும்: புலிப்பொறி முதல் பதிவெண் வரை

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் சுங்கம் கொள்வோர் ஓய்வின்றிப் பணிபுரிந்த காட்சியைப் பட்டினப்பாலை காட்டுகிறது. கடலிலிருந்து கரையேறும் பண்டங்களும் கரையிலிருந்து கடலுக்குச் செல்லும் பண்டங்களும் அளவின்றிக் குவிய, அவற்றின்மேல் சோழரின் புலிச்சின்னம் பொறிக்கப்பட்டது. பின்னர் அவை காவலுடைய முற்றத்தில் அடுக்கப்பட்டன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தரும் இச்செய்தி சோழர் துறைமுகத்தின் வளத்துக்குச் சான்றாகவே பெரும்பாலும் எடுத்தாளப்பட்டுள்ளது. ஆட்சிமுறை நோக்கில் படிப்போர்க்கு அது வேறொன்றையும் உணர்த்தும். உல்கு முறைப்படி கணக்கிடப்பட்ட மூட்டைக்கும் கணக்கிடப்படாத மூட்டைக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு எதுவும் இல்லை. இரண்டும் மிளகே; இரண்டும் ஒரே மணமுடையவை. வேறுபாடு சட்டத்தில் உள்ளது, பண்டத்தில் இல்லை. அந்தச் சட்ட வேறுபாட்டைப் பண்டத்தின் மேலேயே எழுதி வைக்கும் முயற்சியாகப் புலிப்பொறியைக் கொள்வது பொருந்தும்.

ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் சுங்கத் துறையின் அடிப்படை வினா இதுவே. 2024 மார்ச் 1 அன்று ஐரோப்பிய ஒன்றியம் தன் சரக்குகளின் தகுதியை மெய்ப்பிப்பதற்கான மின்னணு அமைப்பு ஒன்றைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அதுவரை டி2எல் என்னும் தாள் செய்துவந்த பணியை அன்றுமுதல் ஒரு பதிவெண் செய்யத் தொடங்கியது. கணினித்துறைச் செய்தியாக நோக்கினால் இது சிறியது. சுங்க வரலாற்றில் வைத்து நோக்கினால் அத்துணைச் சிறியதன்று. சான்று முதலில் சரக்கின் மேல் இருந்தது. பின்னர்ச் சரக்கோடு செல்லும் தாளுக்கு இடம் மாறியது. இன்று அலுவலகத் தரவுத்தளத்தில் தங்கியுள்ளது. சான்றின் இருப்பிடம் மாறுந்தோறும் அதனைக் காத்துக் காட்டும் சுமை யார் தோளில் விழுகிறது என்பதும் மாறிவந்துள்ளது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

முத்திரையும் காவலும்

ஐரோப்பிய மரபைத் தொடங்குவதற்கும் தமிழகத் தொடர்புடைய ஆவணம் ஒன்றே துணைசெய்கிறது. வியன்னாவிலுள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படும் முசிறிப் பாப்பிரசு கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது, 1985இல் பதிப்பிக்கப்பட்டது. அதன் ஒருபுறம் முசிறிப் பயணம் தொடர்பான கடன் ஒப்பந்தத்தின் பகுதி காணப்படுகிறது. மறுபுறம் எர்மபொல்லோன் என்னும் கப்பலில் வந்த சரக்கின் மதிப்பீடு அமைந்துள்ளது. செங்கடல் துறையில் இறக்கப்படும் சரக்கு காவலுடன் பாலைவனம் கடந்து கோப்தோசு நகரை அடையவேண்டும். அங்கிருந்து நைல் ஆற்றின் வழியே அலெக்சாந்திரியா சென்று, நான்கிலொரு பங்கு வரிக்குரிய பொதுப் பண்டகசாலையில் வைக்கப்படவேண்டும். வழிநெடுகச் சரக்கு கடன் கொடுத்தவர் அல்லது அவர்தம் முகவரின் அதிகாரத்திலும் முத்திரையிலும் இருக்கவேண்டும் என்பது ஒப்பந்தம்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. சரக்கு உரோமப் பேரரசின் நிலத்தில் இறங்கிவிட்டது; ஆயினும் வரி நோக்கில் அது இன்னும் 'உள்ளே' வரவில்லை. பாலைவனத்திலும் ஆற்றிலும் கழியும் பல நாள்களுக்கு அது நிலத்தால் உள்நாட்டிலும் சட்டத்தால் வெளிநாட்டிலும் இருக்கிறது. இந்த இடைநிலையைத்தான் இன்றைய சுங்கச் சட்டம் கடவுமுறை என்கிறது. முத்திரையும் காவலும் அந்த இடைநிலையைக் காத்த கருவிகள். கடன் கொடுத்தவரின் நலமும் அரசின் வரியும் ஒரே மூட்டையின் மேல் சந்தித்தன.

பொறித்த சின்னத்துக்கு ஓர் எல்லையுண்டு. மூட்டையைப் பிரித்தால் சின்னம் பிரிந்த பகுதிக்குப் பேசாது. துணியைச் சாயமிட்டால், தோலைச் செருப்பாகத் தைத்தால், சின்னம் இருந்த பொருளே மறைந்துவிடும். வாணிகம் பெருகப் பெருகச் சான்று சரக்கை விட்டு இறங்கித் தாளில் ஏறியது இயல்பே. தாள் தன் பங்குக்குக் கொண்டுவந்த துன்பம் எத்தகையது என்பதை அறிய ஐரோப்பாவுக்குச் செல்லுமுன் வங்காளத்தைச் சற்று நோக்குவது பயன்தரும்.

ரவானாச் சீட்டு

கிழக்கிந்தியக் கும்பெனியின் ஆட்சியில் வங்காள மாகாணத்தின் உள்நாட்டுச் சுங்கம் ரவானா என்னும் சீட்டைச் சுற்றியே இயங்கியது. வணிகர் சுங்கச் சாவடியில் வரி செலுத்திச் சரக்கின் வகையும் அளவும் எழுதிய ரவானாவைப் பெற்றுக்கொள்வார். வழியிலுள்ள ஒவ்வொரு சவுக்கியிலும் சரக்கும் சீட்டும் ஒத்துப்பார்க்கப்படும். ஒவ்வாமை சிறிதேனும் தெரிந்தால் சரக்கு நிறுத்தப்படும். சவுக்கியின் கீழ்நிலை ஊழியர்க்கு அந்த ஒவ்வாமையே வருவாய். சார்லசு திரெவெலியன் 1834இல் அளித்த அறிக்கை இம்முறையின் கேடுகளை விரிவாக எடுத்துரைத்தது. பின்னாளில் சென்னை ஆளுநராக வந்து, குறுகிய காலத்தில் திரும்ப அழைக்கப்பட்ட அதே திரெவெலியனே இவர்.

அக்காலத்து நீதித்துறை அலுவலரான பிரெடரிக் சோர் தரும் எடுத்துக்காட்டுகள் இன்னும் கூர்மையானவை. சீட்டின் ஆயுள் ஓராண்டு. அதற்குள் சரக்கு விற்காவிடில், சரக்கு அதுவே என்று மெய்ப்பித்து, அரை விழுக்காடு செலுத்திப் புதுச் சீட்டு வாங்கவேண்டும். காலம் தவறினால் முழுவரியும் மீண்டும் விழும். பதப்படுத்தாத தோலுக்கு 5 விழுக்காடு. அதனைப் பதப்படுத்தினால் மேலும் 5. செருப்பாகவோ காலணியாகவோ தைத்தால் இன்னும் 5. வெள்ளைத் துணி என்று சீட்டுப் பெற்றபின் அதற்குச் சாயமிட்டால் அச்சீட்டு அத்துணிக்குப் பொருந்தாது. மேலும் இரண்டரை விழுக்காடு செலுத்தவேண்டும். இவ்வாறு உள்நாட்டுக் கைத்தொழிலாளியின் உழைப்பு ஒவ்வொரு படியிலும் சரக்கை அதன் சான்றிலிருந்து பிரித்தது. சரக்கு மாறியது; தாள் மாறவில்லை. வரி செலுத்திய உண்மை தாளில் இருந்தும் பயனில்லை.

வங்காளத்தில் இவ்வுள்நாட்டுச் சுங்கம் 1836இல் நீக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1844இல் நீங்கியது. சுங்கம் தவிர்த்தவன் என்று முதற்குலோத்துங்கனுக்கு ஏன் பெயர் நின்றது என்பதை இந்தச் சவுக்கிகளை நினைத்துப் பார்ப்போர் எளிதில் உணர்வர்.

ஆறு நாடுகளின் சுங்க ஒன்றியம்

ஒரு பெருநிலப்பரப்பில் உள்நாட்டுச் சாவடிகளை நீக்கி எல்லையில் மட்டும் வரி தண்டுவது என்ற எண்ணத்தை, தனித்தனி இறையாண்மையுடைய நாடுகளுக்கிடையே செயற்படுத்தியதே 1957 மார்ச் 25இல் கையெழுத்தான உரோம் உடன்படிக்கையின் சிறப்பு. பெல்ஜியம், பிரான்சு, மேற்கு செருமனி, இத்தாலி, லக்சம்பர்க், நெதர்லாந்து ஆகிய ஆறும் அதில் ஒப்பமிட்டன. 1968 சூலை 1 அன்று சுங்க ஒன்றியம் நிறைவுற்றது. உறுப்பு நாடுகளுக்கிடையே தீர்வைகள் நீங்கின. வெளியுலகுக்குப் பொதுத் தீர்வைப் பட்டியல் ஒன்றே நடைமுறைக்கு வந்தது.

உடன்படிக்கையின் 9, 10ஆம் உறுப்புகளில் மிக முதன்மையான முடிவு ஒன்று அடங்கியுள்ளது. கட்டற்ற புழக்கம் என்னும் உரிமை, உறுப்பு நாடுகளில் விளைந்த பொருளுக்கு மட்டும் உரியதன்று. வெளிநாட்டில் விளைந்து, யாதேனும் ஓர் உறுப்பு நாட்டில் இறக்குமதி நடைமுறை முடித்துத் தீர்வை செலுத்திய பொருளுக்கும் அது உரியது. திருப்பூரில் தைத்த பனியன் ஆம்சுடர்டாமில் தீர்வை செலுத்தி வெளியேறிய கணமே, தகுதி நோக்கில் இத்தாலியில் தைத்த பனியனோடு சமமாகிவிடுகிறது. அதன் பிறப்பிடம் இந்தியாவே. தகுதி மட்டும் மாறுகிறது. பிறப்பிடத்தையும் தகுதியையும் ஒன்றாகக் கருதுவது இத்துறையில் பலருக்கும் நேரும் பிழை. பிறப்பிடம் பொருள் எங்கே ஆக்கப்பட்டது என்று கேட்கிறது. தகுதியோ அது இப்போது சட்டத்தின் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று கேட்கிறது. முன்னது மாறாது, பின்னது ஒரே நாளில் மாறும், மீண்டும் இழக்கவும்படும்.

ஆறு நாடுகளிலும் எல்லைச் சாவடிகள் அப்போது இருந்தன. வரி தண்டுவதற்கில்லாவிடினும், உள்நாட்டு மறைமுக வரிகளுக்காகவும் புள்ளிவிவரத்துக்காகவும் அவை நீடித்தன. ஆகவே சரக்குந்து எல்லையை அடையும்போது அதிலுள்ளவை தகுதி பெற்றவையா அல்லவா என்பதைக் காட்ட ஓர் ஆவணம் வேண்டியிருந்தது. 1969இல் இயற்றப்பட்ட விதிமுறை சமுதாயக் கடவுமுறையை நிறுவியது. தகுதி பெறாத சரக்குக்கு டி1, தகுதி பெற்ற சரக்குக்கு டி2 என இரு குறிகள் பிறந்தன. கடவுமுறையில் செலுத்தாமல் தகுதியை மட்டும் எடுத்துரைக்கும் தாள் டி2எல் எனப்பட்டது. உலகின் பெரும் பொருளாதார ஒன்றியம் ஒன்றின் சட்டத் தத்துவம் முழுவதும் ஓரெழுத்திலும் ஓரெண்ணிலும் அடங்கிய விந்தையை எண்ணிப் பார்க்கலாம்.

1993 சனவரி 1 அன்று ஒற்றைச் சந்தை நடைமுறைக்கு வந்து உள்ளெல்லைச் சாவடிகள் நீங்கின. ஆண்டுக்கு ஏறத்தாழ 6 கோடிச் சுங்க ஆவணங்கள் தேவையற்றுப் போயின என்பது ஒன்றியத்தின் கணக்கு. அதன்பின் சட்டம் ஓர் அனுமானத்தை மேற்கொண்டது. சுங்க ஆட்சிப்பரப்பினுள் காணப்படும் சரக்கு, மாறாக நிறுவப்படாதவரை, ஒன்றியத் தகுதி உடையதே. 2013ஆம் ஆண்டு ஒன்றியச் சுங்கச் சட்டத்தொகுப்பின் 153ஆம் உறுப்பு இதனைத் தெளிவாக உரைக்கிறது. இலியோனிலிருந்து மிலான் செல்லும் சரக்குந்தின் ஓட்டுநர் எதையும் மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. ஐயமுறும் அரசே மெய்ப்பிக்கவேண்டும்.

கடல் என்னும் விதிவிலக்கு

இவ்வனுமானம் கரையோடு நின்றுவிடுகிறது. ஒன்றியப் பரப்பைவிட்டு நீங்கும் சரக்கு தன் தகுதியை இழக்கும் என்பது 154ஆம் உறுப்பு. பார்சிலோனாவில் ஏற்றிய சரக்கு ஏதென்சு அருகேயுள்ள பிரேயசு துறையில் இறங்குகிறது என்று கொள்வோம். இரண்டும் ஒன்றியத் துறைகளே. ஆயினும் இடையே கப்பல் பன்னாட்டுக் கடலில் சென்றது; வழியில் வட ஆப்பிரிக்கத் துறை ஒன்றைத் தொட்டிருக்கவும் கூடும். பிரேயசில் இறங்கும் பெட்டி பார்சிலோனாவில் ஏறியதுதானா, அல்லது இடைத்துறையில் ஏறியதா? பெட்டி பேசாது. ஆதலால் கடல்வழி வந்த சரக்கு தகுதியற்றது என்றே தொடங்கி, தகுதியுடையது என்று சொல்பவரே அதனைக் காட்டவேண்டும் என்று சட்டம் சுமையைத் திருப்பிவிடுகிறது. டி2எல் தாளின் உண்மையான வாழ்விடம் துறைமுகங்களே.

இந்த விதிவிலக்குக்கும் விலக்குண்டு. ஒன்றியத் துறைகளுக்கிடையே மட்டும் சென்று வருவதாகவும், வெளித்துறை எதனையும் தொடுவதில்லை எனவும் உறுதியளித்து அனுமதி பெற்ற கப்பல் சேவை 'முறைவழிச் சேவை' எனப்படும். அதில் ஏற்றிய சரக்குக்குத் தனிச் சான்று வேண்டா. அங்கே சரக்குக்குப் பதிலாகக் கப்பலே சான்றாகிறது.

இதனினும் வியப்புக்குரியது மீன். திறந்த கடலில் நீந்தும் மீனுக்கு எந்நாட்டுத் தகுதியும் இல்லை. உறுப்பு நாட்டில் பதிவுற்று அந்நாட்டுக் கொடி பறக்கும் கப்பலின் வலையில் விழும்போது அது ஒன்றியப் பொருளாகிறது. அதே மீன் பக்கத்துக் கப்பலின் வலையில் விழுந்திருப்பின் இறக்குமதிப் பொருள். இதனைக் காட்ட டி2எம் என்னும் படிவம் நெடுங்காலம் பயன்பட்டது. பின்னர்ப் பிடிப்புப் பதிவேடும் கரையிறக்க அறிக்கையும் அப்பணியை ஏற்றன. மீனவர் தம் மொழியில் எழுதும் குறிப்பேடு சுங்கச் சான்றாக உயர்ந்த இடம் இது.

சட்டப் பரப்புக்குள்ளேயே விளிம்புகளும் உண்டு. கனரித் தீவுகள், பிரான்சின் கடல்கடந்த மாவட்டங்கள், பின்லாந்தின் ஓலந்துத் தீவுகள், கிரேக்கத்தின் ஆதோசு மலைத் துறவியர் குடியிருப்பு ஆகியவை சுங்கத்துக்கு உள்ளேயும் மதிப்புக்கூட்டு வரிக்கு வெளியேயும் உள்ளன. அவற்றோடு நிகழும் வாணிகத்துக்கு டி2எல்எஃப் என்று இன்னோர் எழுத்துச் சேர்ந்தது.

நம் நாட்டுச் சட்டமும் இதே கடலைக் கண்டு இதே ஐயத்தை அடைந்தது. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்குக் கப்பலில் செல்லும் உள்நாட்டுச் சரக்கைக் 'கடலோரச் சரக்கு' என்று தனியே பிரித்து, அதற்குத் தனிப் பட்டியலும் ஒப்பமும் வகுத்தது. அதே சட்டத்தின் 123ஆம் பிரிவு, பொன், கைக்கடிகாரம் முதலியன கடத்தல் என்னும் நியாயமான நம்பிக்கையில் கைப்பற்றப்பட்டால், அவை கடத்தப்பட்டவையல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை உடைமையாளர்மேல் வைக்கிறது. இந்தியச் சட்டம் இவ்விடத்தில் பொருளின் வகையை நோக்கிச் சுமையைத் திருப்பியது. ஐரோப்பியச் சட்டமோ வழியை நோக்கித் திருப்பியது.

தாளின் சீர்குலைவு

டி1 முறையின் நடைமுறை எளியது. பிணைத்தொகை கட்டிய ஒருவர் பொறுப்பில் சரக்கு புறப்படும். சேரிடத்து அலுவலகம் சரக்கைக் கண்டு தாளின் ஒரு படியில் முத்திரையிட்டு அஞ்சலில் புறப்பட்ட அலுவலகத்துக்குத் திருப்பியனுப்பும். அது வந்தபின் பிணை விடுவிக்கப்படும். முத்திரை குத்திய அத்தாள் வந்தது என்றால் சரக்கும் வந்தது என்று பொருள்.

1990களில் இந்தச் சமன்பாடு உடைந்தது. உயர்தீர்வைக்குரிய சிகரெட்டுகள் ஆண்டுவர்ப், உராட்டர்டாம் முதலிய துறைகளில் டி1 முறையில் ஏறி, வேறொரு வெளிநாட்டுக்குச் செல்வதாகப் பதிந்து, வழியிலேயே உள்நாட்டுச் சந்தையில் மறைந்தன. போலி முத்திரையிட்ட தாள்கள் மட்டும் ஒழுங்காக அஞ்சலில் திரும்பின. சரக்கு போகாத இடத்துக்குச் சான்று போய்வந்தது. இழந்த வருவாயின் பெருக்கம் கண்டு ஐரோப்பிய நாடாளுமன்றம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது.  1997இல் அது அறிக்கை அளித்தது. எட்வர்டு கெல்லட்-போமன் அதன் அறிக்கையாளர்.

இம்முறைகேட்டில் நேர்மையான இடைத்தரகர்களும் சிக்கினர் என்பது பெரிதும் பேசப்படாத செய்தி. பிணை கட்டியவரே பொறுப்பாளர் ஆதலால், ஓட்டுநரோ வாங்குவோரோ செய்த திருட்டுக்கும் தீர்வை அவரிடமே கேட்கப்பட்டது. தாம் காணாத முத்திரை போலியா மெய்யா என்பதை அவர் அறிய வழியில்லை. அதற்கான விலையை மட்டும் அவர் செலுத்தவேண்டும். ரவானாக் காலத்து வணிகனும் இவரும் ஒரே இக்கட்டில் நின்றவர்கள் எனலாம். ஒரு வேறுபாடு உண்டு. வங்காளத்தில் மெய்யான தாள் ஏற்கப்படவில்லை. ஐரோப்பாவில் பொய்யான தாள் ஏற்கப்பட்டது.

பதிவெண்

குழுவின் அறிக்கைக்குப் பின் கடவுமுறையைக் கணினிமயமாக்கும் பணி விரைந்தது. புதிய கணினிமயக் கடவு அமைப்பு 2000ஆம் ஆண்டில் சில நாடுகளில் தொடங்கி, 2005 சூலை முதல் வணிகர் அனைவர்க்கும் கட்டாயமாயிற்று. ஒவ்வொரு சரக்குப் பயணத்துக்கும் பதினெட்டு எழுத்தெண்களாலான பதிவெண் ஒன்று தரப்பட்டது. முதலிரண்டும் ஆண்டைக் குறிக்கும். அடுத்த இரண்டும் நாட்டைக் குறிக்கும். இறுதி இலக்கம் பிழை காண உதவும் சரிபார்ப்பெண். சேரிடத்து அலுவலகம் இனி முத்திரை குத்தித் திருப்பியனுப்புவதில்லை. செய்தியொன்றை நேரே புறப்பட்ட அலுவலகத்துக்கு விடுக்கிறது. இரு அலுவலகங்களும் தமக்குள் பேசிக்கொள்வதால், நடுவே தாளைச் சுமந்தவர்க்கு மோசடிக்கு இடமில்லாமற் போயிற்று. கூடவே, தாளைச் சுமந்த நேர்மையாளர் வீணாக அஞ்சும் நிலையும் குறைந்தது.

டி2எல் மட்டும் பின்தங்கிற்று. அது பயணத்தைக் காக்கும் கருவியன்று, தகுதியைக் கூறும் உரை மட்டுமே, பிணைத்தொகையும் அதற்கில்லை. மோசடியின் வெளிச்சம் அதன்மேல் அவ்வளவாக விழவில்லை போலும். 2008இல் தாளற்ற சுங்கச் சூழல் பற்றிய முடிவு நிறைவேறிற்று. 2013 அக்டோபர் 9இல் நிறைவேறிய ஒன்றியச் சுங்கச் சட்டத்தொகுப்பு 2016 மே 1 முதல் செயற்படத் தொடங்கியது; அதன் 6ஆம் உறுப்பு, தகவற் பரிமாற்றம் அனைத்தும் மின்னணு வழியே நிகழவேண்டும் என்றது. 2020 இறுதிக்குள் எல்லா அமைப்புகளும் நிறைவுறும் என்ற நம்பிக்கை பொய்த்தது. 2019இல் சில அமைப்புகளுக்குக் கெடு 2025 வரை நீட்டிக்கப்பட்டது. இருபத்தேழு நாடுகளின் சுங்க அலுவலகங்கள் ஒரே இலக்கணத்தில் எழுதவேண்டும் என்பது சட்டமியற்றுவோர் எண்ணியதினும் கடினமான பணி.

2024 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்தது அதன் முதற்கட்டம். சான்று வேண்டுவோர் மின்னணு வழியே சரக்கின் விவரங்களைத் தருகிறார். அலுவலகம் ஆராய்ந்து மேலொப்பமிட்டுப் பதிவெண் வழங்குகிறது. சேருந்துறையில் அவ்வெண்ணைக் கூறினால் போதும். அலுவலர் தரவுத்தளத்தில் அதனைக் காண்கிறார். நம்பிக்கைக்குரியவர் என அனுமதி பெற்றோர் அலுவலக மேலொப்பமின்றித் தாமே சான்று வழங்கலாம். இரண்டாம் கட்டம் கப்பலின் சரக்குப் பட்டியலைப் பற்றியது. முன்பு அப்பட்டியலில் தகுதியுடைய சரக்குக்கு நேரே 'சி' என்னும் எழுத்தும் ஏனையவற்றுக்கு 'என்' என்னும் எழுத்தும் இடும் வழக்கம் இருந்தது. அவ்வெழுத்துகளுக்குப் பதிலாகச் சுங்கச் சரக்குப் பட்டியலையும் மின்னணுவாக்க 2025 ஆகஸ்ட் 15 எனப் பணித்திட்டம் நாள் குறித்தது.

மின்னணுச் சான்றின் விதிகளில் பழைய ரவானாவின் சாயல் ஆங்காங்கே தென்படுவது ஆய்வாளர் கண்ணில் படாமற் போகாது. சீட்டுக்கு ஓராண்டு ஆயுள் இருந்தது. பதிவு செய்யப்பட்ட டி2எல் தொண்ணூறு நாள் செல்லும். சரக்கைப் பிரித்தால் புதுச் சீட்டு வேண்டியிருந்தது. இன்றும் சான்றில் கண்ட சரக்கின் ஒரு பகுதியை மட்டும் முன்னிலைப்படுத்தினால் எஞ்சிய பகுதிக்குப் புதுச்சான்று பெறவேண்டும். பெயரும் கருவியும் மாறியபின்னும் பகுதிக்கும் முழுமைக்கும் உள்ள சிக்கல் மாறவில்லை. ஆனால் சவுக்கி ஊழியர் ஒருவர் தாளையும் மூட்டையையும் கையில் வைத்துக்கொண்டு தம் விருப்பப்படி ஒவ்வாமை காணும் வாய்ப்பு பெரிதும் சுருங்கிவிட்டது. இது பெரிய நன்மை என்பதில் ஐயமில்லை.

இதற்கு மாறான பக்கமும் உண்டு. அமைப்பினுள் நுழைவோர்க்கு ஒன்றியம் வழங்கும் வணிகர் பதிவெண் வேண்டும். கணினியறிவும் வேண்டும், அல்லது அவற்றையுடைய முகவருக்குக் கட்டணம் தரவேண்டும். சிறுவணிகர் இதில் நசுங்காதபடி சட்டம் ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளது. 15,000 யூரோவுக்கு மேற்படாத சரக்குக்கு விலைப்பட்டியலோ போக்குவரத்து ஆவணமோ அலுவலக மேலொப்பமின்றியே சான்றாகும். என் கருத்தில், இச்சட்டத்தொகுதியிலேயே மனிதரை நினைத்து எழுதப்பட்ட விதி இதுதான். திரெவெலியன் அறிக்கையில் வரும் சிறு வண்டிக்காரர்க்கு இத்தகைய வாயில் இருந்ததில்லை.

அயர்லாந்துச் சரக்கு

தகுதி என்னும் கருத்து ஏட்டிலுள்ள நுணுக்கமன்று என்பதை 2021 உணர்த்தியது. அதுவரை அயர்லாந்தின் சரக்குந்துகள் டப்ளினிலிருந்து வேல்சின் ஓலிகெட் சென்று, இங்கிலாந்தைக் குறுக்கே கடந்து, டோவரிலிருந்து பிரான்சின் கலே சேர்ந்தன. பிரித்தானியா அவற்றுக்கு நிலப்பாலமாக இருந்தது. நேர்க்கப்பலைவிட ஏறத்தாழப் பாதி நேரத்தில் சென்றடையலாம். மீன், இறைச்சி, பால்பொருள் ஆகியவற்றுக்கு அந்த நேரமே விலை.

2020 டிசம்பர் 31 நள்ளிரவோடு இடைக்காலம் முடிந்து பிரித்தானியா சட்டத்தில் வெளிநாடாயிற்று. சாலையும் கப்பலும் ஓட்டுநரும் மாறவில்லை. ஆனால் ஓலிகெட்டில் இறங்கும் ஐரிய இறைச்சி ஒன்றியப் பரப்பை நீங்கிய சரக்காகிவிட்டது. கலேயில் அது மீண்டும் தன் தகுதியை நிறுவவேண்டும். பிரித்தானியா பொதுக் கடவு உடன்படிக்கையில் தனியுறுப்பாகச் சேர்ந்ததால் டி2 கடவுமுறை வழியே இது இயன்றது. இயன்றாலும் அதற்குக் கணினிப் பதிவும் பிணைத்தொகையும் கடவு அலுவலகத்தில் அறிவிப்பும் வேண்டும். கூட்டுச் சரக்கேற்றும் வண்டியில் ஒருவர் மூட்டைக்குப் பதிவு குறைந்தால் வண்டி முழுவதும் நிற்கும்.

வணிகர் கண்ட வழி கடல். 2021 சனவரியின் முதல் நாள்களிலேயே ரோசுலேரிலிருந்து பிரான்சின் தங்கிர்க்குக்கு நேர்க்கப்பல் சேவை தொடங்கிற்று. ஐரோப்பாவுக்கான நேர்ச்சேவைகள் அவ்வாண்டில் பல மடங்கு பெருகின. முறைவழிச் சேவையில் ஏறிய வண்டிக்குத் தகுதிச் சான்று வேண்டியதில்லை. அதனால் நெடிய கடற்பயணம் குறுகிய நிலப்பயணத்தைவிட எளிதாயிற்று. கடலைக் கண்டு ஐயுற்ற சட்டத்தின்கீழ், நிலத்தைவிடக் கடல் நம்பகமானதாகிய முரண் இது. நாட்டின் போக்குவரத்துத் திசையையே மாற்றும் வலிமை ஒரு சான்றுத்தாளுக்கு உண்டு என்பதற்கு அண்மைக்கால வரலாற்றில் இதனினும் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது.

தரவுத்தளத்துக்கு முழுமையாக இடம்பெயர்ந்துவிட்ட சான்றைப் பற்றி ஒரு செய்தியைக் குறிப்பிடவேண்டும். கணினி அமைப்பு தற்காலிகமாகச் செயலற்றுப்போனால் என்ன செய்வது என்ற வினாவை 6ஆம் உறுப்பை இயற்றியோர் விட்டுவிடவில்லை. அவ்வேளையில் மின்னணு அல்லாத வழிகளும் ஏற்கப்படும் என்று அவ்வுறுப்பே இடமளிக்கிறது. துறைமுக அலுவலகங்களில் டி2எல் படிவமும் அதில் குத்துவதற்கான முத்திரையும் இதன்பொருட்டு இன்னும் பாதுகாக்கப்பட வேண்டியவையே.